படம் ஐந்தைக் காண்க

பேசி இறக்க முடியாத விலை என்று உலகத்தில் ஒன்று கிடையாது என்பது தஸ்தகீர் பாயின் கொள்கை. புளி வியாபாரிகளுக்கு நடுவில் பிறந்து, புளி மூட்டை மேல் தூங்கி, தராசு முள்ளைப் பார்த்துப் பார்த்தே கண் பழகியவர். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனார் "ஒரே பேச்சு" என்று ஆரம்பித்ததைக் கூட, டீ ஆறுவதற்குள் இரண்டு பேச்சாக்கிவிட்டு வந்தவர் என்று தருமபுரிச் சந்தையில் பெயர். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே ஒரு இடத்தில் காலணா இறக்க முடியாமல் திரும்பினார். அது, சாமானை இனாமாகவே கொடுப்பதற்கென்று கட்டப்பட்ட இடம். நூலகம்.

கடத்தூரிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டி போகிற வழியில், கொள்ளுமேட்டில் அவருக்கு ஒரு மாவு மில் இருந்தது. புளியில் பார்த்த லாபத்தைப் போட்டு, ஒரு பழைய ஆயில் எஞ்சினோடு சேர்த்து வாங்கியது. எஞ்சினைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அதன் விலை மட்டும்தான். அதையும் அவர் யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. கரண்டில் ஓடும் மில்காரர்கள் அவரைப் பார்த்துச் சிரித்த காலம் ஒன்று உண்டு. எழுபத்து மூன்றில் கரண்டு வெட்டு வந்தது. எப்போது வரும், எப்போது போகும் என்று கம்பத்துக்கே தெரியாது. கரண்டு மில்களில் எலி குடித்தனம் நடத்த, தஸ்தகீரின் எஞ்சின் மட்டும் புகைபோக்கித் தலையில் கவிழ்த்த தகர டப்பா வழியாகக் 'கூக்கூ, கூக்கூ' என்று கூவிக்கொண்டிருந்தது. அந்தக் கூவல் சித்தேரி அடிவாரம் வரைக்கும் கேட்கும். கேட்டால்தான் மலைக்காரர்கள் கேழ்வரகையும் சாமையையும் கட்டிக்கொண்டு இறங்குவார்கள்.

ஒரு நாள் காலையில் எஞ்சின் இரண்டு தரம் இருமியது. வெள்ளையாய்க் கொஞ்சம் புகை விட்டது. நின்றுவிட்டது.

சேலத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்து, எஞ்சினைச் சுற்றிப் பிரதட்சணம் செய்துவிட்டு, கழற்றி லாரியில் ஏற்றி அனுப்புங்கள், பொங்கல் கழித்துப் பார்க்கலாம் என்றான். அவனிடம் போன எஞ்சின் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. வந்தவையும் போன எஞ்சின்களாக இருந்ததில்லை. தஸ்தகீர் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்.

அதற்கடுத்த சந்தைக்குக் கரியன் வந்தார். சித்தேரிக்காரர், மலையில் அவர் சொன்னால் பத்து வீடு கேட்கும். ஓடாத எஞ்சினைக் கொஞ்ச நேரம், சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாயி, எங்க ஊரு பண்டிகைக்கு முன்னால வர்ற சந்தை வரைக்கும் பாக்கறோமுங்க. இஞ்சினு கூவுச்சுன்னா இங்க எறங்கறோம். இல்லைன்னா பாப்ரெட்டிப்பட்டில புதுசா ஒருத்தரு ஆயிலு இஞ்சினு வச்சிருக்காராம், அங்க நடந்துக்கறோம். ஒருக்கா கால் பழகிருச்சுன்னா அப்பறம் திருப்ப முடியாதுங்க."

மலைக்காரர்கள் போனால் மில் போச்சு. மில் போனால் திரும்பவும் புளிச் சந்தையில், முன்னால் தன்னிடம் தோற்றவர்களிடமே போய்த் துண்டு விரித்து உட்கார வேண்டும்.

வழி சொன்னது அவர் சம்சாரம் சுல்தானா. கணவரை விட வேகமாகத் தமிழ் படிப்பவள். அதை அவருக்கு அடிக்கடி ஞாபகப்படுத்துபவளும் கூட. பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இருக்கும் கிளைப் படிப்பகத்துக்குப் புதுப் பலகை மாட்டியிருக்கிறார்களாம். 'அறிவியல் - கலை - தொழில்நுட்ப எழுத்தறிவு நூலகம். எஞ்சின் முதல் ஏழிசை வரை எல்லாம் இங்கே.'

"எஞ்சினைத்தாங்க மொதல்ல போட்டிருக்கான்," என்றாள்.

நூலகர் ராஜாமணி பயந்த சுபாவம் உள்ள நல்ல மனிதர். மாவட்டப் படிப்பக வாரியத்திடமிருந்து வருஷா வருஷம் பாராட்டு வாங்குகிறவர். அவர் பொறுப்பேற்ற நாளிலிருந்து அந்த நூலகத்தில் ஒரு புத்தகம் கூடத் தொலைந்ததில்லை. தொலைந்தால் நூலகர் சம்பளத்தில் பிடிப்பார்கள். ராஜாமணி யோசித்துப் பார்த்து, வெளியே போகிற புத்தகம்தான் தொலைகிறது என்ற உண்மையைக் கண்டுபிடித்திருந்தார். அதன் பிறகு அவருக்குச் சிக்கலே இல்லை.

தஸ்தகீர் கேட்ட புத்தகம் இருந்தது. கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. புதுக் கண்ணாடி அலமாரியில், முதல் தட்டில், 'ஆயில் எஞ்சின்: பழுதும் பரிகாரமும்' என்று முதுகில் பொன் எழுத்து மின்ன நின்றது. அலமாரியில் ஒரு பூட்டு. பூட்டின் மேல் ஒரு துணி. துணியின் மேல் அரக்கு.

திட்டத்தை இன்னும் திறந்து வைக்கவில்லை என்றார் ராஜாமணி. வாரியத் தலைவர் வந்து நாடா வெட்டித் திறக்கிற வரைக்கும் சாவி தருமபுரியில்தான் இருக்கும்.

தஸ்தகீர் வியாபாரத்தைத் தொடங்கினார். ஒரு வாரம் வேண்டும் என்று ஆரம்பித்தார். ஒரு ராத்திரிக்கு இறங்கினார். வீட்டுக்கே வேண்டாம், இந்தப் பெஞ்சியிலேயே உட்கார்ந்து படிக்கிறேன் என்றார். தொடக் கூட வேண்டாம், நீங்கள் பக்கத்தைப் புரட்டுங்கள், நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொள்கிறேன் என்கிற வரைக்கும் வந்தார். இவ்வளவு தூரம் இறங்கினால் எதிராளி ஒரு சாண் ஏறி வருவான். அதுதான் சந்தை தர்மம். ராஜாமணி ஆரம்பித்த இடத்திலேயே நின்றார்.

அப்போதுதான் தஸ்தகீருக்குப் பட்டது: கூடத்தில் ஆள் இருக்கிறது. மூலையில் ஒரு பெரியவர் பேப்பரை முகத்தில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அடுத்தவன் காதுபட எவன் கடைசி விலை சொல்வான்? புளிச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. கையைப் பிடித்து மேலே துண்டைப் போட்டு, உள்ளே விரலால் பேசுவார்கள். தஸ்தகீர் தோளிலிருந்த துண்டை எடுத்து ராஜாமணியின் கை மேல் போட்டு, உள்ளே கையை விட்டு, நடுவிரலை மெதுவாக அழுத்தினார்.

ராஜாமணி வெளுத்துப் போனார். தனக்கு இரண்டு பெண் குழந்தைகள் இருப்பதாகச் சொன்னார். அன்றைக்குக் கால்சட்டைப் பைக்குள் போன அவருடைய இரண்டு கைகளும், தஸ்தகீர் இருக்கும் இடத்தில் அதற்கப்புறம் வெகு நாள் வெளியே வரவில்லை.

தருமபுரிக்கு பஸ் ஏறினார் தஸ்தகீர். வாரிய ஆபீசில் எழுத்தறிவுத் திட்டத் தனி அதிகாரி சென்னப்பன் இருந்தார். மேசை மேல் ஓர் உலக உருண்டை. பேசும்போதெல்லாம் அதை ஒரு சுற்று சுற்றிவிடுவார். உலகம் நின்ற பிறகுதான் அடுத்த வாக்கியம்.

"பாய், நூலகம்னா என்னா? ஜனங்க என்னா நெனைக்கறாங்கன்னா, புத்தகம் குடுக்கற எடம்னு. இதை மாத்தத்தான் நாங்க பாடுபடறோம். புத்தகம் நம்ம ஊர்ல இருக்குதுங்கற நெனப்பே மனுசனை முக்காவாசி படிச்சவனா ஆக்கிருது. மிச்சம் கால்வாசிக்குத்தான் அலமாரி."

"அந்தக் கால்வாசிதானுங்க எனக்கு வேணும்," என்றார் தஸ்தகீர்.

"குடுக்கறோம். ஆனா நீங்க கேக்கறது தொழில்நுட்பம். எங்க வரிசை என்னா? அறிவியல், கலை, தொழில்நுட்பம். இந்த வரிசையை முடிவு பண்ண ஒரு கமிட்டி ஊட்டில போய் உக்காந்துது. நீங்க பாட்டுக்கு மூணாவது படில ஏறிக்கிட்டா அந்தக் கமிட்டிக்கு என்னா மரியாதை?"

உலகத்தை ஒரு சுற்று சுற்றினார். பிறகு தஸ்தகீரின் முகத்தைக் கூர்ந்து பார்த்து, கொஞ்சம் இளகினார். அறிவியல் உங்களுக்கு இருப்பதாக வைத்துக்கொள்ளலாம், மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறீர்கள் என்றார். இனி கலைதான் பாக்கி. கலை எழுத்தறிவு பெற்றதாக உள்ளூர் நூலகர் சொல்லிவிட்டால், திறப்பு விழா அன்றைக்கே எஞ்சின் புத்தகத்தின் முதல் வாசகர் நீங்கள்தான். விழா என்றைக்கு என்று கேட்டார் தஸ்தகீர். கொள்ளுமேட்டில் ஜனம் கூடுகிற நாளாகப் பார்த்து, மலைக்காரர்களின் பண்டிகைச் சந்தை அன்றைக்குத்தான் வைத்திருந்தார்கள்.

தஸ்தகீர் கணக்குப் போட்டார். காலையில் புத்தகம் கைக்கு வந்தால் மத்தியானத்துக்குள் எஞ்சின் கூவிவிடும். சரி என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக, சொன்ன விலைக்குச் சாமான் வாங்கிய மாதிரி இருந்தது அவருக்கு.

கலைக்காகக் கொடுத்தது 'நாட்டியத்தில் கண்ணசைவு' என்ற புத்தகம். அதை மட்டும் ராஜாமணி தாராளமாக, பைக்குள் கையை வைத்தபடியே, முழங்கையால் தள்ளிக் கொடுத்தார். வாரியம் தப்பாக எண்ணி வண்டி நிறைய அனுப்பிவிட்டதாம். அதை யாரும் திருடுவதாயில்லை.

மாவு மில்லில் மாவு இல்லாமல், கல்லாப் பெட்டிக்கு முன்னால் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, தஸ்தகீர் விழியை இடம் உருட்டினார், வலம் உருட்டினார், மேலே தூக்கி அரைக்கண் மூடினார். சுல்தானா புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உரக்கப் படித்துச் சொன்னாள். நாயகனைக் காணாத நாயகியின் பார்வை இன்னும் சரியாக வரவில்லை, கடன்காரனைக் கண்ட பார்வையாக இருக்கிறது என்றாள். உப்பும் மண்ணெண்ணெயும் வாங்க இறங்கி வந்த கரியன், மில் வாசலில் நின்று இதைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றினார்.

"ஏம்மா, பாய்க்குக் காத்து கருப்பு எதாச்சும் அண்டிருச்சுங்களா? எங்க மலைல நல்ல பூசாரி ஒருத்தன் இருக்கான்."

"காத்து இல்லீங்க," என்றாள் சுல்தானா. "நூலகம்."

ராஜாமணி பரீட்சை வைத்தார். தஸ்தகீர் கண்ணை உருட்டிக் காட்டினார். மூலையில் தூங்கும் பெரியவர் முழித்துப் பார்த்துவிட்டு அவசரமாகப் பேப்பரை மூடிக்கொண்டார். கலை எழுத்தறிவு பெற்றாயிற்று என்று ராஜாமணி அறிவித்தார்.

பண்டிகைச் சந்தை நாள் வந்தது. எஞ்சின் கூவவில்லை என்றாலும் கரியன் தன் ஜனத்தை இறக்கிக்கொண்டு வந்திருந்தார். பாயி வாக்குக் கொடுத்திருக்கிறார், இன்றைக்குப் புத்தகம் வருகிறது என்று. மில் வாசலில் மூட்டைகளைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்திருந்தார்கள். பாப்பிரெட்டிப்பட்டிக்கு நடப்பதானால் உச்சி சாய்வதற்குள் கிளம்ப வேண்டும்.

நூலக வாசலில் பந்தல். வாழைமரம். உள்ளே சுவரெல்லாம் கண்காட்சி. சட்டம் போட்ட படங்கள் வரிசையாக, வாரியத் தலைவரின் கண் மட்டத்துக்கு அளந்து மாட்டியிருந்தார்கள். அவர் நல்ல உயரம். வீணை பிடிக்கும் விரல்கள், இருதயத்தின் உள்பக்கம், சந்திரனின் முகம். அவற்றுக்கு நடுவில் ஓர் ஆயில் எஞ்சின், தோலுரித்த மாதிரி அத்தனை பாகமும் தெரிய, அம்புக்குறிகளோடு. தஸ்தகீர் அதைப் பார்த்து உருகிப் போனார். கிட்டே போக முடியவில்லை. குறுக்கே கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு இப்புறம் நின்று எக்கிப் பார்த்தால் படத்தின் கீழ் விளிம்பும் சட்டத்தின் ஆணியும்தான் தெளிவாகத் தெரிந்தன. இருக்கட்டும், புத்தகமே வரப் போகிறதே என்று வெளியே வந்தார்.

விழா தொடங்க வேண்டிய நேரத்தில் கரண்டு போனது.

சென்னப்பன் நேராக மில்லுக்கு வந்தார். பின்னாலேயே ராஜாமணி, பைக்குள் கையோடு. எஞ்சினோடு ஒரு டைனமோவைச் சேர்த்தால் மைக்குக்குக் கரண்டு வருமாமே என்று கேட்டார்.

"வருமுங்க. எஞ்சின் ஓடணும்."

"ஓட்டுங்க, பாய்."

"அதுக்குப் புத்தகம் வேணுமுங்க."

"புத்தகம் அலமாரில இருக்குதே."

"தொறந்து குடுங்க."

"தலைவர்தானே தொறக்கணும்."

"தொறக்கச் சொல்லுங்க, சார்."

"வரவேற்புரை இல்லாம எப்படித் தொறப்பாரு?"

"அப்ப வரவேற்புரையைப் பேசிருங்க."

"மைக் இல்லாம எப்படி பாய் பேசறது?"

செக்கைச் சுற்றின மாடு கூட ஒரு சுற்று முடிந்தால் கொஞ்சம் எண்ணெய் காட்டும். தஸ்தகீர் நின்று நிதானித்தார். அரசியலும் அதிகாரமும் தன் வாசலுக்கு வந்து சரக்குக் கேட்கிற நேரம் இது. வியாபாரிக்கு இதைவிட நல்ல முகூர்த்தம் வாய்க்காது. அலமாரியை இப்போது திறங்கள், புத்தகத்தைக் கொடுங்கள், எஞ்சினை ஓட்டுகிறேன், பிறகு பூட்டிவிட்டு மறுபடி திறந்துகொள்ளுங்கள், யாருக்குத் தெரியப் போகிறது என்றார். நல்ல பேரம். எவனும் ஒப்புக்கொள்கிற பேரம்.

சென்னப்பனின் முகம் வாடியது. உலக உருண்டை கையில் இல்லாத குறை தெரிந்தது.

"ஒருதரம் தொறந்த அலமாரியைத் தலைவர் கையில தொறக்கச் சொல்றது, கட்டின தாலியை அவுத்துட்டு மறுபடி முகூர்த்தம் வைக்கற மாதிரி, பாய். புத்தகத்தால உபயோகம் வந்தா வருது, வராட்டிப் போகுது. விழாவுக்குக் கேடு வரக் கூடாது."

மைக் இல்லாமலே விழா நடந்தது. வாரியத் தலைவர் நாடாவை வெட்டினார். சென்னப்பன், ஆட்டுச் சந்தையின் கத்தலுக்கு மேலே தொண்டையை ஏற்றிப் பேசினார். அறிவியலும் கலையும் தொழில்நுட்பமும் கடைசி மனிதன் வரை போய்ச் சேர வேண்டும் என்றார். கடைசி மனிதன் மில் வாசலில் மூட்டை மேல் உட்கார்ந்து உச்சி வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த அலமாரியிலே உள்ள எந்தப் புத்தகத்தின் மீதும் இந்த நிமிடம் வரை ஒரு விரல் ரேகை கூடப் பட்டதில்லை என்பதை இந்த மாமன்றத்திலே பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். கண்காட்சியைப் பாருங்கள். வாரியம் தன்னுடைய புத்தகச் செல்வத்தை எப்படிப் பயன்படுத்தியிருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். இன்று மாலையே அது சென்னைக்குப் போகிறது, மாநிலப் போட்டிக்கு. கேடயம் நமக்குத்தான்."

கைதட்டினார்கள். முதல் வாசகர் என்று தஸ்தகீரை மேடைக்கு அழைத்தார்கள். புத்தகத்தைக் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், வாங்கி வைத்துக்கொண்டார்கள். போட்டோகிராபர் மூடியைக் கழற்ற மறந்துவிட்டேன் என்றதால் மறுபடி கொடுத்து, மறுபடி வாங்கினார்கள். கடைசியில், தலைவரின் கார் புழுதி அடங்கிய பிறகு, சாயந்திரத்துக்குள் திருப்பித் தர வேண்டும், நூலகர் கூடவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு புத்தகம் தஸ்தகீரிடம் வந்து சேர்ந்தது. வெளியே சென்னைக்குப் போகும் வேனில் படங்களை வைக்கோல் போட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அவர் ஓடினார். அந்தப் பெருத்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் ஓடியதைக் கொள்ளுமேடு அதற்கு முன் பார்த்ததில்லை. பின்னால் ராஜாமணி ஓடினார். பைக்குள் கை இருந்ததால் இரண்டு இடத்தில் விழப் பார்த்தார்.

கிளம்புவதற்காகத் தலைச்சும்மாடு கட்டிக்கொண்டிருந்த கரியன் அதை அவிழ்த்தார். மலைக்காரர்கள் எழுந்து எஞ்சினைச் சூழ்ந்து நின்றார்கள். பழுது அறிகுறிகள் என்ற அத்தியாயத்தை எடுத்து சுல்தானா படித்தாள். 'எஞ்சின் இரண்டொரு முறை இருமி, வெண்புகை விட்டு நின்றால்' என்று வந்தபோது கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. யாரோ பக்கத்தில் நின்று பார்த்து எழுதிய மாதிரி இருந்தது. தஸ்தகீருக்குக் கண் கலங்கிவிட்டது. அச்சில் இவ்வளவு இருக்கும் என்று தெரிந்திருந்தால் சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கூடப் போயிருப்பார்.

'அஞ்ச வேண்டியதில்லை,' என்று படித்தாள் சுல்தானா. 'பழுது மிகச் சிறியது. படம் ஐந்தைக் காண்க. அதில் அம்புக்குறி காட்டும் திருகாணியை மட்டும், படம் ஆறில் உள்ளபடி...'

பக்கத்தைத் திருப்பினாள். படம் ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் நேர்த்தியாக, நாலு பக்கமும் அளவெடுத்து வெட்டிய ஒரு சதுர ஓட்டை. அதற்குள்ளே அடுத்த தாளின் ஓட்டை. புத்தகம் முழுக்கப் புரட்டினாள். படம் என்று பெயர் பெற்ற எதுவும் அதில் இல்லை.

கரியன் எட்டிப் பார்த்தார்.

"பொஸ்தகத்துக்குச் சன்னல் வச்சிருக்காங்க பாயி. காத்தோட்டத்துக்குங்களா?"

எல்லோரும் ராஜாமணியைப் பார்த்தார்கள். அவருக்கு அதில் ஒளிக்க ஒன்றுமே இருக்கவில்லை. வாரியத்தின் பழைய நடைமுறைதான் அது.

"ஜனங்க படத்தைத்தானுங்க கிழிச்சிக்கிட்டுப் போறாங்க. அதனால புத்தகம் வந்த அன்னைக்கே நாங்களே வெட்டி எடுத்துப் பத்திரப்படுத்திருவோம். இப்பப் பாருங்க, ஒண்ணு கூடத் திருட்டுப் போகலை. எல்லாம் அந்தக் கண்காட்சில இருந்துதுங்களே, நீங்க பாக்கலைங்களா?"

தூரத்தில் வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. கடத்தூர் ரோட்டில் திரும்பி, மேடேறி, அப்புறம் கேட்கவில்லை.

யாரும் கோபப்படவில்லை. மலைக்காரர்கள் மூட்டைகளைத் தலைக்கு ஏற்றினார்கள். கரியன் கொஞ்சம் பின்தங்கி நின்று, பாயின் தோளைத் தொட்டார். அந்தப் பூசாரியை வேண்டுமானால் அனுப்பட்டுமா என்று கேட்டார். பிறகு பாப்பிரெட்டிப்பட்டி ரோட்டில் போய்க்கொண்டிருந்த தன் ஜனத்தை நோக்கி நடந்தார். புதுப் பாதைக்குக் கால் பழகத் தொடங்கியது.

ராஜாமணி கடைசியாகப் பைக்குள்ளிருந்து கையை எடுத்துப் புத்தகத்துக்கு நீட்டினார். வாசகர் பயனடைந்ததாகச் சொல்லிவிடலாம் இல்லையா என்று தயங்கிக் கேட்டார்.

தஸ்தகீர் புத்தகத்தைத் தரவில்லை. படம் ஐந்தின் பக்கத்தை விரித்து, முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஓட்டை வழியாக எஞ்சினைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். நாட்டியத்தில் கற்றுக்கொண்ட எந்தப் பார்வையும் இல்லை அது.

"என்னாங்க தெரியுது?" என்றாள் சுல்தானா.

"நம்ம இஞ்சினுதான்," என்றார் தஸ்தகீர். "படத்துல இருக்கற மாதிரியே இருக்குது. அசையாம."